ஒன்பது ஜாடி

மின்கட்டண அட்டையின் பின்பக்கம்
பட்டியல் போட்டிருக்கிறாள் ஜோவிட்டா,
நீல மையில், எண் கொடுத்து,
மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில்.
தேன் மிட்டாய். ஆரஞ்சு மிட்டாய்.
கோவில்பட்டி கடலை மிட்டாய்,
உருண்டை வேண்டாம், சதுரம்.
ஏணி மிட்டாய், கிடைத்தால்.
தூத்துக்குடி மக்ரூன், அன்று காலையே வாங்கியது
(ஈரக்காற்று பட்டால் அது அழுதுவிடுமாம்).
அல்வாவுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

அல்வாவை ஜாடியில் போட முடியாதுட்டி,
நெய் விட்டு ஒரே கட்டியாப் போகும் என்றேன்.
வெட்டி, பட்டர் பேப்பர்ல சுத்தி,
ரெண்டு முனையையும் முறுக்கினா
அதுவும் மிட்டாய்தானே என்றாள்.
ஆளுக்கு ஐம்பது கிராம்,
இருநூறு பேருக்குப் பத்துக் கிலோ.
சமாதானபுரத்தில் தையல்கடை வைத்திருப்பவள் நான்,
கணக்கு எனக்கு மீட்டரில்தான் வரும்.
பத்துக் கிலோ எத்தனை ரவிக்கை என்று
யோசித்துக்கொண்டே பாபினுக்கு நூல் சுற்றினேன்.

முதலில் எழுபது பேர்தான்,
ஆராதனை முடிந்து கேக்கும் டீயும்.
ரெண்டாங் கல்யாணத்துக்கு ரிசப்ஷன் ஒரு கேடா என்று
டோனாவூர்ச் சித்தி போனில் கேட்டாள்.
மிட்டாய் மேசை வேற போடுதோம் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் வந்தது.

மேசை தன் உயரத்தில்தான் இருக்கவேண்டும்,
பெரியவர்கள் குனிந்து எடுக்கட்டும் என்பது
ஜோவிட்டாவின் சட்டம்.
கால்கள் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது
என்னுடைய சட்டம்.
எறும்புக்கு யாரும் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை.
ஜாடிகள், மூடப்போகிற ஒரு பெட்டிக்கடையிலிருந்து.
சிவப்பு மூடியில் ஊறுகாய் வாடை.
புளி போட்டுத் தேய்த்தோம், சாம்பல் போட்டுத் தேய்த்தோம்,
ஒன்றில் மட்டும் இன்னும் நார்த்தங்காய் இருக்கிறது.

வள்ளியூர் துணைமின் நிலையத்திலிருந்து
டெஸ்டரோடு வந்து இறங்கினார் எபநேசர்.
சீரியல் பல்பு என் பொறுப்பு என்றார்.
எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவாகாததால்
அவர் சட்டைப்பையைப் பார்த்துக் கேட்டாள்:
உங்களுக்கு என்ன மிட்டாய்?
சூட மிட்டாய்.
அது பஸ்ஸுல வாந்தி வராம இருக்கத்தானே?
ஆமா, அதுக்குத்தான் முதல்ல வாங்கினது,
பெறவு பிடிச்சுப் போச்சு.
அவள் எழுதிக்கொண்டாள்,
எட்டாவதாக.
பென்சிலில்.

இரவு, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்:
அப்பாவுக்கு என்ன மிட்டாய்ம்மா?

பதினோரு மாதம் அவளுக்கு, எட்வின் போனபோது.
நான் இருட்டில் தேடினேன்.
ரொட்டிக்கு ஜாம் தடவிக் கொடுத்தால்
ஜாமை வழித்து என் தட்டில் தேய்த்துவிடுகிற மனிதர்.
எங்கள் கல்யாணக் கேக்கில் ஒரு துண்டை
கைக்குட்டையில் மடித்து வைத்து
மறுநாள் நான் துவைக்கும்போது கண்டுபிடித்தேன்.
மிட்டாய் பிடிக்காது பிள்ளே, காராச்சேவு.
சாத்தூரில் பஸ் நின்றால் போதும்,
காகிதப் பொட்டலமும் விரலெல்லாம் மிளகும்.

மிட்டாய் மேசையில காராச்சேவா?
கேள்வி மாதிரித்தான் இருந்தது.
ஆனால் காலையில் அட்டையில் ஒன்பது இருந்தது,
மையில்.

எபநேசர் அட்டையை மேலிருந்து கீழே படித்தார்.
எட்டாவதில் நின்றார். ஒன்பதாவதிலும்.
சேவு யாருக்கு என்று கேட்கவில்லை.
இவ்வளவு சீனிக்கு நடுவுல
ஒரு உறைப்பு வேணும்லா என்று சொல்லி
எத்தனை கிலோ என்றார்.
ரெண்டு என்றாள்.
முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, பையைப் பார்த்தா,
நான் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

பெயர்ச்சீட்டு எட்டு எழுதியாயிற்று.
ஒன்பதாவதற்கு வேண்டாமாம்,
தின்னா தெரிஞ்சுட்டுப் போகுது.
நார்த்தங்காய் வாடை ஜாடியை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.
மூடி ஒன்று குறைகிறது.
சனிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால்
ஒரு சாஸரைக் கவிழ்த்து வைக்கவேண்டும்.